திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு இருபத்தாறு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்காக எங்கள் ஊரில் நடக்கும் மாலைப் படிப்பகம் ஒன்றில் உதவி வருகிறேன். மே மாதம் பிறந்துவிட்டால் வாசலில் பெற்றோர் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி வந்ததை, அவர்கள் கேட்ட சொற்களையே கேள்வியாக வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறுவதால், பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓப்பன் ஸ்கூல்னா என்ன சார்? டுட்டோரியல் மாதிரியா?

இல்லை. டுட்டோரியல் என்பது பாடம் நடத்தி, வேறொரு வாரியத்தின் தேர்வுக்கு மாணவரை அனுப்பி வைக்கும் இடம். திறந்தநிலைப் பள்ளியோ தானே தேர்வு நடத்தித் தானே சான்றிதழ் தரும் வாரியம். சி.பி.எஸ்.இ. 1979-இல் ஒரு சோதனைத் திட்டமாகத் தொடங்கியதை 1989-இல் மத்திய அரசு தனி நிறுவனமாக்கியது. 2002 முதல் அதன் பெயர் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம். எல்லோரும் சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். என்கிறார்கள். தலைமையகம் நொய்டாவிலும் மண்டல மையங்களுள் ஒன்று சென்னையிலும் இருக்கின்றன.

14 வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்கும், பத்தாம் வகுப்பு முடித்து 15 வயது நிரம்பியவர் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதியலாம். மேல் வயது வரம்பு கிடையாது. அன்றாட வருகைப் பதிவும் கிடையாது. பாடநூல் வரும்; படிப்பு மையம் ஒன்றை நாமே தேர்ந்துகொள்ளலாம்; அங்கே விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்புகள் நடக்கும். எட்டாம் வகுப்புச் சான்று கையில் இல்லாதவரும், பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தம்மால் இயலும் என்று தாமே உறுதிமொழி எழுதிக் கொடுத்துப் பதிய வழி இருக்கிறது.

அந்த சர்ட்டிஃபிகேட் செல்லுமா?

செல்லும். என்.ஐ.ஓ.எஸ். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசிய அளவிலான வாரியம். அதன் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டு கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். ‘செல்லும்’ என்ற ஒரு சொல்லுக்குள் சில கிளைக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மாநில அரசு வேலை, நீட், அரசுப் பள்ளி ஒதுக்கீடு ஆகியவற்றைப் பற்றிக் கீழே தனித்தனியே எழுதியிருக்கிறேன்.

பையன் ஒன்பதாவதுல ஃபெயில். பத்தாவதுக்கு அனுப்ப மாட்டோம், டி.சி. வாங்கிட்டுப் போங்கன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. வாங்கிடட்டுமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. எனவே ஒரு குழந்தை நான்காம் வகுப்பிலேயே பின்தங்கியிருந்தாலும் அது வெளியே தெரிவது ஒன்பதாம் வகுப்பில்தான். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. பள்ளியின் வாயிலில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்று பதாகை கட்ட வேண்டும். தேற மாட்டார் என்று தோன்றும் மாணவரை ஒன்பதிலேயே வெளியே அனுப்பிவிடும் வழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 6 முதல் 14 வயது வரைக்குமானது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியிருப்பதும் பள்ளிகளுக்கு வசதியாகிவிடுகிறது. நானும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு முறை எதிர்த்திருக்கிறேன், மற்ற முறைகளில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை மறுபடி படிக்க வைக்கக் கேட்கலாம். அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ மறுத்தால், முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுக்கலாம். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணிலும் சொல்லலாம். தனியார் பள்ளி என்றால், அருகிலுள்ள அரசுப் பள்ளியில் இடம் உறுதியான பிறகே மாற்றுச் சான்றிதழை வாங்குங்கள். திறந்தநிலைப் பள்ளி நல்ல வழிதான். அதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி தன் தேர்ச்சி விகிதத்துக்காகப் பிள்ளையை அதற்குள் தள்ளிவிடுவது வேறு விஷயம்.

எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் ஏறல. சோம்பேறித்தனமா, இல்ல வேற ஏதாவது பிரச்சினையா?

சோம்பேறி என்று கூட்டி வந்த பிள்ளைகளில் உண்மையான சோம்பேறியை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஒரு பையனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையைக் கேட்டே படித்திருக்கிறான். இன்னொருவன் விடியற்காலை மூன்று மணிக்குப் பூச்சந்தைக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் தூங்கினான். முதலில் கண், காது, தூக்கம், சாப்பாடு, வீட்டுச் சண்டை, வகுப்பில் கேலி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இவை எதுவும் இல்லாமல், பேச்சில் சூட்டிகையாக இருக்கும் பிள்ளை எழுத்தில் மட்டும் திணறினால், அது டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கக்கூடும்.

தமிழில் ல, ள, ழ குழம்புவதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்; அது எல்லோருக்கும் குழம்பும். நான் கவனிப்பது கொம்பை. ‘கொடி’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ககரம். எழுதும்போது கைக்கு முதலில் வருவது ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். இந்த முன்பின் மாற்றத்தைப் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாம் வகுப்பிலேயே கடந்துவிடுகிறார்கள். பதினான்கு வயதில் ஒரு பிள்ளை ‘கொடி’யை ‘கெடி’ என்றும் ‘காடி’ என்றும் ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி எழுதி, தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் விழித்தால், அடித்துத் திருத்தும் காரியமாக அது இருக்க முடியாது. இதை வைத்து நான் முடிவு சொல்வதில்லை. உளவியல் நிபுணரிடம் அனுப்பி வைக்கிறேன். அவர்கள் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைப் போன்றவற்றைக் கொண்டு முறையாகப் பார்ப்பார்கள். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்கி வருகிறது.

டெஸ்ட் பண்ணி சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டா, இப்ப படிக்கிற ஸ்கூல்லயே இருக்க முடியாதா?

இருக்க முடியும், பல சமயம் அதுவே மேல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் குழு தரும் சான்று வேண்டும். தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரியில் வந்து கேட்பவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

சான்று வாங்கினால் பெயர் கெட்டுவிடும், பெண்ணுக்கு வரன் அமையாது என்று தயங்குகிறவர்கள் உண்டு. மதிப்பெண் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவதற்கும், அது இல்லாமல் தயங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் அவர்களிடம் சொல்வேன்.

கணக்கே இல்லாம பத்தாவது பாஸ் பண்ணலாமாமே, உண்மையா?

உண்மை. திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடங்கள் தேற வேண்டும். அவற்றுள் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும், இரண்டு மொழிகள் வரை எடுக்கலாம். மற்றவற்றைப் பட்டியலிலிருந்து நாமே பொறுக்கிக்கொள்ளலாம். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றோடு பொருளியல், வணிகவியல், மனையியல், உளவியல், கணக்குப் பதிவியல், ஓவியம், கணினித் தரவு உள்ளீடு, இந்தியப் பண்பாடும் பாரம்பரியமும் என்று பட்டியல் நீள்கிறது. தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே தேற வேண்டும்.

கணக்கை விட்டுவிடு என்று கணக்கு ஆசிரியனான நானே சில பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் இல்லாதவருக்குப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.யின் பல தொழிற்பிரிவுகள், பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு ஆகியவற்றின் கதவுகள் சாத்தப்படும். பதினான்கு வயதில் ‘எனக்குக் கணக்கு வேண்டாம்’ என்பவன் பதினெட்டு வயதில் எலக்ட்ரீஷியன் ஆக ஆசைப்படலாம். பிள்ளையின் கை எந்த வேலையில் ஓடுகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பாடத்தை எடுங்கள். சந்தேகம் இருந்தால் கணிதத்தைக் கூடுதல் பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் தவறினாலும் மற்ற ஐந்தில் தேறியிருந்தால் சான்றிதழ் நிற்காது.

எத்தனை தடவை எழுதலாம்? ஒரே தடவையில எல்லாத்தையும் எழுதணுமா?

பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் பொதுத்தேர்வுக்கு ஒன்பது வாய்ப்புகள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும். ஒரு முறை இரண்டு பாடம், அடுத்த முறை இரண்டு, பிறகு ஒன்று என்று பிரித்து எழுதலாம்; தேறிய பாடம் கணக்கில் சேர்ந்துவிடும். இவை தவிர, மண்டல மையம் போன்ற இடங்களில் மாணவர் தாம் தயாரான பாடத்துக்குத் தாமே நாள் குறித்துக்கொண்டு எழுதும் ‘தேவைக்கேற்ற தேர்வு’ என்ற ஏற்பாடும் உண்டு.

முதல் முறை ஒரே ஒரு பாடம் எழுதுங்கள் என்பது என் பழக்கமான யோசனை. பிள்ளைக்குப் பிடித்த பாடமாக அது இருக்கட்டும். ஒன்பது ஆண்டுகளாக ‘ஃபெயில்’ என்ற சொல்லை மட்டும் கேட்டு வந்தவர் கையில் ‘தேர்ச்சி’ என்று அச்சான ஒரு தாள் வந்தால், அடுத்த பாடத்துக்கு அவரை யாரும் எழுப்பி உட்கார வைக்க வேண்டியிருக்காது. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஐந்து ஆண்டு இருக்கிறதே என்ற நினைப்பு முதல் இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடும். பதிவு செய்த அன்றே எந்தத் தேர்வில் எந்தப் பாடம் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்கிறேன்.

சரி, யாரு சொல்லிக் குடுப்பாங்க?

இதைக் கேட்காமல் பணம் கட்டிவிட்டு வருபவர்கள்தாம் அதிகம். என்.ஐ.ஓ.எஸ். தருவது பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கால அவகாசத்தையும் சான்றிதழையும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் ஆளை அது தராது. படிப்பு மையத்தின் நேர்முக வகுப்புகள் சந்தேகம் கேட்க உதவும். ஏற்கெனவே படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அவை போதும். பின்தங்கிய பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரமாவது யாரேனும் உடன் இருந்தாக வேண்டும். அது ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் அத்தை மகளாக இருக்கலாம், எங்களைப் போன்ற படிப்பகமாக இருக்கலாம். ஆள் இல்லையென்றால் சேர்க்காதீர்கள். பாடநூல் பரணுக்குப் போய்விடும்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வோம். கடன் வாங்கிக் கழித்தலிலிருந்து கணக்குப் போடச் சொல்வோம். எந்தப் படியில் கால் தடுக்குகிறதோ அங்கிருந்து பாடம். ஒரு தச்சர் மகனிடம் எட்டில் மூன்றையும் எட்டில் ஆறையும் கூட்டச் சொன்னபோது, மேலே ஒன்பது, கீழே பதினாறு என்று எழுதினான். மறுநாள், ‘மூணு நூல் பலகை மேல ஆறு நூல் பலகையை வச்சா மொத்தம் எவ்வளவுடா?’ என்று கேட்டேன். தலையைக்கூடத் தூக்காமல், ‘ஒரு இஞ்சு ஒரு நூல் சார்’ என்றான். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது அவனுக்கு அப்பா பட்டறையில் பழகியது. ‘இதைத்தான் நேத்து கேட்டேன்’ என்று பழைய தாளை எடுத்துக் காட்டியதும் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னக் கணக்கு முழுவதையும் அதற்கடுத்த மூன்று வாரங்கள் டேப்பை வைத்தே நடத்தினோம்.

தனித்தனித் திட்டம் என்றால் பெரிய ஆவணம் என்று நினைக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு 80 பக்க நோட்டு. இடப்பக்கம் இன்று என்ன செய்தோம், வலப்பக்கம் எங்கே தடுக்கியது. அவ்வளவுதான். இறுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம் ‘டி.எம்.ஏ.’ எனப்படும் ஒப்படைவுகளுக்கு உண்டு. அவற்றை அக்காவோ அம்மாவோ எழுதிக் கொடுப்பது ஊரறிந்த ரகசியம். அந்த ஒப்படைவுகள்தாம் பிள்ளைக்கு உட்கார்ந்து எழுதும் பழக்கத்தைத் தருபவை என்பதால், எங்கள் இடத்தில் அதற்கு அனுமதி இல்லை.

தமிழ்லயே எழுதலாமா? தமிழ் ஒரு பாடமா இருக்கா?

தமிழ் மொழிப்பாடமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு நிலையில் தமிழ் வழியிலும் எழுதலாம். எந்தெந்தப் பாடத்துக்குத் தமிழ் நூல் கிடைக்கிறது என்பதைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்போது அந்த ஆண்டுக் கையேட்டைத் திரும்பவும் சரிபார்க்க வேண்டும்.

மொழிப்பாடமாக இந்தியையோ ஆங்கிலத்தையோ மட்டும் எடுத்துத் தமிழை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் தேறியாக வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பிரைவேட்டா எஸ்.எஸ்.எல்.சி. எழுதிட்டாப் போதாதா? இது எதுக்கு?

சிலருக்கு அதுவே போதும். தமிழ்நாட்டில் தனித்தேர்வராக நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுத வழி இருக்கிறது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும். தவறிய பாடத்தை மட்டும் மறுபடி எழுதும் வசதி அங்கும் உண்டு. பத்தாம் வகுப்பை எழுதி ஒன்றிரண்டு பாடத்தில் மட்டும் தவறியவர் வாரியம் மாறுவதில் பொருளே இல்லை. கோடையில் நடக்கும் துணைத் தேர்வை எழுதித் தேறி, அதே ஆண்டு பிளஸ் ஒன்னில் சேர்ந்துவிடலாம்.

வேறுபாடு பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மாநில வாரியத்தில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தும் எழுதியாக வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 35. அதில் ஒரு பாடம் மலையாக நிற்கிறது, எத்தனை முறை மோதினாலும் அசையவில்லை என்னும் பிள்ளைக்குத்தான் திறந்தநிலைப் பள்ளி வழிவிடுகிறது.

பொண்ணு ரெண்டு வருஷமா வீட்லதான் இருக்கா, பதினேழு ஆகுது. இனிமே சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். வயது தடையில்லை, பெண்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு தேறியதற்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். பத்தாவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு தேர்வும் கல்லூரியை அரை ஆண்டு தள்ளும். பதினெட்டு நிரம்பியதும் வேறு பேச்சு தொடங்கிவிடும் வீடுகளில் இந்த அரை ஆண்டு பெரிது. எங்களிடம் படித்த ஒரு பெண், தன் தேர்வு அனுமதிச் சீட்டை அப்பாவின் கண்ணில் படும்படி பூஜை அலமாரியில் வைத்திருந்தாள்.

அரசுப் பள்ளியில படிக்கிறான். ஒரு வருஷம் ஓப்பன்ல எழுதிட்டு பிளஸ் ஒன்னுக்குத் திரும்ப அரசுப் பள்ளிக்கே வந்துட்டா ஒண்ணும் நஷ்டமில்லையே?

நஷ்டம் இருக்கிறது, அது பல ஆசிரியர்களுக்கே நினைவில் இருப்பதில்லை. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் 6-ஆம் வகுப்பிலிருந்து அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படித்ததையே அடிப்படையாகக் கொண்டவை. நடுவில் ஓர் ஆண்டு வெளியே போனால் சங்கிலி அறுந்துவிடும். விலையில்லாப் பாடநூல், மிதிவண்டி போன்றவை தனி. அரசுப் பள்ளியில் இருக்கும் பிள்ளையை வெளியே எடுக்குமுன் இதை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மேலே டி.சி. பற்றிய பதிலில் நான் கடுமையாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓப்பன்ல பத்தாவது முடிச்சவனை பிளஸ் ஒன் சேர்க்க மாட்டேங்கிறாங்களே?

சட்டப்படி தடை இல்லை. நடைமுறையில் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. ஏப்ரல்-மே தேர்வின் முடிவு வருவதற்குள் பள்ளிகளில் சேர்க்கை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே அதற்கு முந்தைய அக்டோபர் தேர்விலேயே பெரும்பாலான பாடங்களை முடித்துவிடுவது நல்லது. இரண்டாவது, தலைமையாசிரியரின் தயக்கம். ‘இவன் வந்தால் பன்னிரண்டாவது ரிசல்ட் என்ன ஆகுமோ’ என்ற அச்சத்தை அவர் விதிபோலப் பேசுவார். மதிப்பெண் பட்டியலையும், என்.ஐ.ஓ.எஸ். தரும் இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழையும் இணைத்து எழுத்தில் விண்ணப்பித்து, மறுப்பையும் எழுத்திலேயே கேளுங்கள். எழுத்தில் மறுப்பவர்கள் குறைவு.

நீட் எழுத முடியுமா? அப்ப வேண்டாம்னாங்களே?

முடியும். ஒரு காலத்தில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை விலக்கும் விதி இருந்தது. 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விலக்கை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய மாணவர்களை ஏற்பதாகத் தெரிவித்ததையடுத்து 2024-இல் வழக்கு முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் எடுத்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏத்துக்கிறாங்களா இல்லையா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வதில் வியப்பில்லை. மாநில அரசுப் பணிக்கு இந்தச் சான்றிதழ் இணையானதா என்பது தமிழ்நாட்டில் சர்ச்சைக்குள்ளான விஷயம். கல்லூரிச் சேர்க்கைக்குச் செல்வது வேறு, பணி நியமனத்துக்கான இணைத்தன்மை ஆணை வேறு. மாநில அரசு வேலையே குறிக்கோள் என்றால், அந்த நேரத்தில் நடைமுறையில் இருக்கும் அரசாணையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். முடிந்தவரை மாநில வாரியத்திலேயே தனித்தேர்வராக எழுதும் வழியை முதலில் முயலலாம் என்பது என் கருத்து.

படிப்பே வேணாம், ஐ.டி.ஐ.ல போட்டுடலாம்னு இருக்கோம்.

ஐ.டி.ஐ.யும் படிப்புத்தான், அதைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள். எட்டாம் வகுப்புத் தகுதிக்கே வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர் பத்தாம் வகுப்பின் மொழிப்பாடங்களை மட்டும் எழுதித் தேறினால், பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறும் வழியும் தமிழ்நாட்டில் உண்டு. மேலே சொன்ன தச்சர் மகனைப் போன்ற பிள்ளைக்கு இது நேர்வழி.

ஒருத்தர் முப்பதாயிரம் கேக்கிறார். பையன் தேர்வு எழுதவே வேண்டாம், சர்ட்டிஃபிகேட் வீட்டுக்கு வரும்கிறார். நம்பலாமா?

நம்பக் கூடாது. பதிவும் கட்டணமும் அதிகாரபூர்வ இணையதளம் வழியாக மட்டுமே. படிப்பு மையத்தின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. வேறு யாரோ எழுதிக் கிடைத்த சான்றிதழ், அல்லது பெயரளவில் இதைப் போலவே ஒலிக்கும் ஏதோ ஒரு ‘வாரியத்தின்’ சான்றிதழ், ஐந்தாறு ஆண்டு கழித்துக் கல்லூரியிலோ கடவுச்சீட்டு அலுவலகத்திலோ சரிபார்ப்புக்குப் போகும்போதுதான் வெடிக்கும். அப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பது அந்தப் பிள்ளை. இன்னொரு வகையும் உண்டு: பதிவுக் கட்டணம் இவ்வளவு, பயிற்சிக் கட்டணம் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் மொத்தமாகக் கேட்பவர்கள். ரசீதைத் தனித்தனியாகக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் சரி சார். அவனே ‘எனக்கு எதுவும் வேணாம்’கிறானே?

அப்படிச் சொல்லும் பிள்ளையை அன்றே பதிவு செய்ய வேண்டாம். வீட்டில் பேச்சு எடுத்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றால், இரண்டு மூன்று மாதம் படிப்பைப் பற்றியே பேசாமல், அவன் விரும்பும் ஒரு வேலையிடத்துக்குப் போய்வர விடுங்கள். சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அது படிப்புப் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பிறகு ஒரு மாலை, பதிய வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல், படிப்பகத்துக்கு அழைத்து வந்து ஓர் ஓரமாக உட்கார விடுங்கள். அம்மாவும் அப்பாவும் வெளியே நிற்பது நல்லது. முதல் நாள் நாங்கள் அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கடைசியாக எந்த வகுப்பில் உனக்குப் பாடம் புரிந்தது? பெரும்பாலும் யோசிக்காமலே பதில் வரும். ‘அஞ்சாவது. ஒரு மிஸ் இருந்தாங்க’ என்பான். அந்த ஐந்தாம் வகுப்புப் புத்தகம் அலமாரியின் கீழ்த்தட்டில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து மேசைமேல் வைப்போம்.